ஓகா நதிப் பாலத்தில் ஒரு மீன் பூட்டு

ஜனவரி 14, புதன்

வந்து சேர்ந்துவிட்டேன், மாதாவே. பேனா மை உறைந்துவிடும் என்று எங்கள் தெரு ஜேம்ஸ் வாத்தியார் பயமுறுத்தியதால் வழியெல்லாம் பேனாவை ஜாக்கெட்டுக்குள் செருகி வைத்திருந்தேன். வீட்டுக்குள் வந்து பார்த்தால் வேர்க்கிறது. சுவரோரம் இரும்புக் குழாயில் வெந்நீர் ஓடுகிறதாம். வெளியே மைனஸ் பதினெட்டு, உள்ளே நம் ஊர்ப் பங்குனி.

ஊர் பெயர் லுகோவ்ஸ்க். ஓகா நதிக்கரையில் இருக்கிறது. நதி எங்கே என்று கேட்டேன். பெனி ஒரு வெள்ளைப் பொட்டலைக் காட்டினாள். அதன் நடுவில் ஓர் ஆள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மீன் பிடிக்கிறாராம். பைத்தியக்கார ஊர்.

பெனி என் தங்கை, பெனிட்டா. அம்மா போனபோது அவளுக்கு நாலு வயது, எனக்குப் பதினெட்டு. தலை பின்னிவிட்டு, சளி சிந்திவிட்டு, டாக்டருக்குப் படிக்க இந்த நாட்டுக்கு அனுப்பியதும் நான்தான். ஆறு வருஷத்தில் திரும்பிவிடுவாள் என்று அனுப்பினேன். அவள் கிரீலைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். இப்போது எட்டு மாசம். போன தடவை ஐந்தாம் மாசத்தில் கலைந்துபோனது, அப்போது நான் பக்கத்தில் இல்லை. இந்தத் தடவை பூட்டுப் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

என் திட்டத்தையும் எழுதிவைக்கிறேன். பிள்ளை பிறந்து மூன்று மாசத்தில் இரண்டு பேரையும் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும். பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. தொட்டில் கட்டக் கொக்கியும் அடித்தாயிற்று. பெனியிடம் இன்னும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை கிரீல் வடக்கே எரிவாயு எடுக்கும் இடத்தில் வேலை. ஒரு மாசம் அங்கே, ஒரு மாசம் இங்கே. வீட்டில் இருப்பது அவன் அம்மா லிதியா பாவ்லவ்னா. அறுபத்தொரு வயது, வாசல் நிலை உயரம், தடிக் கண்ணாடி. இருதயமேரி என்ற என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. மூன்று தடவை முயன்றுவிட்டு "ஈரா" என்று முடித்துவிட்டார். கை குலுக்கும்போது பார்த்தேன், வலது கட்டைவிரல் ஓரத்தில் கறுப்பு. சோப்புக்குப் போகாத பித்தளைக் கறை. என் விரலை அதன் பக்கத்தில் நீட்டினேன், அதே கறை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த அம்மாவும் பூட்டுச் செய்கிறவர்.

நான் கொண்டுவந்த குட்டிச் சட்டைகளைக் காட்டியதும் சிரிப்பு போய்விட்டது. பெட்டியைப் பிடுங்கி அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டார். பிறக்கும் முன் பிள்ளைக்கு எதுவும் வாங்கக் கூடாதாம்.

ஜனவரி 17, சனி

ஊரைச் சுற்றிப் பார்த்தேன். மனசார எழுதுகிறேன், அழகான ஊர். எல்லாம் மரவீடுகள், ஜன்னல் சட்டத்தில் பூவேலை. வீட்டுக்கு வீடு ஜன்னலில் எலுமிச்சை மரம்! வெளியே பனி குவிந்து கிடக்கிறது, உள்ளே வாளியில் எலுமிச்சை காய்த்துத் தொங்குகிறது. சம்பந்தியம்மா தன் மரத்துக்குத் தினமும் இலை இலையாக ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார். பேசவும் செய்கிறார்.

இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பூட்டுத் தொழில். மலையோரம் சம்பந்தியம்மாவின் பட்டறைக்குக் கூட்டிப் போனார்கள். இருபது பேர் வேலை செய்கிறார்கள், பெண்கள்தான் அதிகம். சிங்கம், சேவல், மீன் என்று உருவம் உருவமாகப் பூட்டு. சுண்டைக்காய் அளவில் ஒன்று, அதற்கும் சாவி உண்டு. அரம் போடும் சத்தத்தைக் கேட்டதும் எனக்குத் திண்டுக்கல்லில் நிற்கிற மாதிரி இருந்தது.

பெனி பெருமை தாங்காமல் என்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். எங்கள் பட்டறையில் செய்து முடித்த பூட்டு எதுவும் நேரே கடைக்குப் போகாது. என் மேசைக்கு வரும். சாவி இல்லாமல் கம்பியால் நான் திறந்து பார்க்க வேண்டும். பத்து நிமிஷத்துக்குள் திறந்துவிட்டால் செய்தவனுக்கே திருப்பி அனுப்புவேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் வேலை.

சம்பந்தியம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தான் செய்த ஒரு சேவல் பூட்டை என் கையில் வைத்தார். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினேன். நாலு நிமிஷம். பட்டறையே கைதட்டியது. அவர் மட்டும் தட்டவில்லை. சேவலை வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு என்னவோ சொன்னார்.

"என்னடி சொல்றாங்க?"

"நாளைக்கு வேற ஒண்ணு தர்றாங்களாம்க்கா. சும்மா இருக்க மாட்டியா நீ?"

ஜனவரி 18, ஞாயிறு

வேறொன்று தந்தார். ஏழு நிமிஷம். இன்றைக்கு அவரும் கைதட்டினார். பிறகு எனக்குத் தேநீரில் மூன்று துண்டு எலுமிச்சை. மற்றவர்களுக்கு ஒரு துண்டுதான்.

ஜனவரி 20, செவ்வாய்

மைனஸ் இருபத்தேழு. துணி காயப்போட்டேன், பலகையாகி வந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

மூன்று பேரும் பாலத்துக்குப் போனோம். ஓகா நதியின் ஒரு கிளைக்கு மேல் இரும்பு நடைபாலம். கம்பியெல்லாம் பூட்டுகள், நூற்றுக்கணக்கில். சம்பந்தியம்மா நேரே ஒரு பூட்டுக்குப் போய், கையுறையால் பனியைத் தட்டித் துடைத்தார். பித்தளை மீன். செதில் செதிலாக வெட்டியிருக்கிறார். வால் வளைந்து வாய்க்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது. அப்படி ஒரு வேலைப்பாட்டை நான் பார்த்ததில்லை, பொறாமையாகவே இருந்தது.

"எங்க கல்யாணப் பூட்டுக்கா. அத்தையே செஞ்சது. வாராவாரம் வந்து தொடச்சுவிட்டுப் போவாங்க" என்றாள் பெனி. "சாவிய அன்னைக்கே கிரீல் ஆத்துல எறிஞ்சுட்டான்."

"ஏன்டி, சாவிய எறிஞ்சா அப்புறம் எப்படித் தொறக்கறது?"

"தொறக்கக் கூடாதுன்னுதான எறியறது. தொறந்தா குடும்பம் பிரிஞ்சுரும்பாங்க இங்க."

அந்த நேரத்தில்தான் என் வாய் சும்மா இருக்காமல் திட்டத்தைச் சொன்னேன். வெள்ளையடித்த அறை, கொக்கி, எல்லாம்.

பெனி பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் வரலக்கா. லீவுக்கு வருவேன், ஒரு மாசம் இருப்பேன். அங்கிட்டே வந்து இருக்க மாட்டேன். எனக்கு ஆஸ்பத்திரி இங்க, வீடு இங்க. இதான்க்கா என் ஊரு."

"அப்ப திண்டுக்கல்லு?"

"அது உன் ஊரு."

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். உப்புக் கூடிவிட்டது. சம்பந்தியம்மா இரண்டு கிண்ணம் குடித்தார்.

ஜனவரி 27, செவ்வாய்

பால் வாங்கப் போனேன். அப்படியே கால் பாலத்துப் பக்கம் போய்விட்டது. ஆள் இல்லை. அந்த மீனுக்குள் எத்தனை லீவர் இருக்கிறது என்று பார்க்கத்தான் கொண்டை ஊசியை எடுத்தேன். தொழில் புத்தி, வேறொன்றுமில்லை. நாலு லீவர், சாவி தூக்குகிற நாலு தகடு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். ஒன்பது நிமிஷம் பிடித்தது. வால் பட்டென்று விட்டது.

திரும்ப அமுக்கினால் பிடிக்கவில்லை. உள்ளிருந்து மயிரிழை ஸ்பிரிங் ஒன்று தெறித்துப் பனியில் விழுந்தது. விரல் மரத்துப்போய்விட்டது. தேடித் தேடிப் பார்த்தேன், பனியில் ஸ்பிரிங்கா கிடைக்கும்? மீனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சரி செய்து ஓரிரு நாளில் மாட்டிவிடலாம்.

பால் வாங்க மறந்துபோனேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் பெனியும் கிரீலும் போனில் சண்டை. கதவு சாத்திக்கொண்டு பேசினாள், சத்தம் மட்டும் கேட்டது. பிரசவத்துக்குக் கிரீலுக்கு லீவு கிடைக்காதாம். அழுத முகத்தோடு வந்து தோசை கேட்டாள். முதல் மூன்று தோசையும் பிய்ந்துபோயின.

மத்தியானம் சம்பந்தியம்மா தனியாகப் பாலத்துக்குப் போய்வந்தார். பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். மூஞ்சியில் ரத்தமில்லை. மூலையில் இருக்கும் மாதா படத்துக்கு முன் விளக்கேற்றிவிட்டு, எலுமிச்சை இலைகளைத் துடைக்கத் தொடங்கினார். நேற்றுத்தான் துடைத்தார்.

இருதயமேரி, நீ செய்தது நல்லாயில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

பட்டறைக்குப் போய் மெல்லிய ஸ்பிரிங் கம்பி வேண்டும் என்று சைகையில் கேட்டேன். சம்பந்தியம்மா மூன்று தினுசு எடுத்து வைத்தார். நான் நடு மெல்லிசை எடுத்தேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மீனைச் சரி செய்துவிட்டேன். அமுக்கிப் பார்த்தேன், சுத்தமாகப் பூட்டிக்கொண்டது. ஞாயிறு காலை முதல் வேலையாகப் பாலத்தில் கொண்டுபோய், திறந்து, மாட்டிவிட வேண்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மாட்டவில்லை. காலையில் பெனிக்குத் தலைவலி, கண்ணுக்கு முன் பூச்சி பறக்கிறது என்றாள். கை கால் வீங்கியிருந்தது. அவளே பிரஷர் பார்த்தாள், அவளே ஆம்புலன்ஸ் கூப்பிட்டாள். டாக்டர் பிள்ளை இல்லையா, ஒரு பதற்றம் இல்லை. பதற்றமெல்லாம் எனக்கு.

ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை. இங்கே பிரசவ ஆஸ்பத்திரிக்குள் சொந்தக்காரர் யாரையும் விட மாட்டார்களாம். நான் யார் தெரியுமா, ஏழு கடல் தாண்டி வந்தவள், அவளுக்கு அம்மா மாதிரி என்று தமிழிலேயே கத்தினேன். வாசலில் காவல் இருந்த அம்மா என் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டு வெளியே அனுப்பினார். ஜன்னலுக்குக் கீழே பனியில் நின்றோம். மூன்றாவது மாடியில் பெனி வந்து கை காட்டினாள். இவ்வளவுதானா, இதற்கா வந்தேன்? அழுதேன். சம்பந்தியம்மா தன் சால்வையின் ஒரு பாதியை எனக்குப் போர்த்திவிட்டார்.

பிப்ரவரி 9, திங்கள்

பிரஷர் இறங்கவில்லை. 

பிப்ரவரி 11, புதன்

எல்லாவற்றையும் நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்குப் பெனியிடமிருந்து ஒரு வரி: "வலி எடுக்க மருந்து ஏத்திட்டாங்கக்கா. ஜெபம் பண்ணு." அதற்குப் பிறகு போன் அணைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் "காத்திருங்கள்" என்கிறார்கள். நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சம்பந்தியம்மா உட்காரவில்லை. அலமாரியைத் திறந்தார். மேசை இழுப்பறைகளைத் திறந்தார். பெட்டி, அடுப்புக் கதவு, கடிகாரத்தின் கண்ணாடிக் கதவு, எல்லாவற்றையும் திறந்து அப்படியே விட்டார். தன் கொண்டையை அவிழ்த்தார். என் பக்கத்தில் வந்து என் கொண்டையையும் அவிழ்த்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போனை எடுத்தார். ரஷ்யனில் பேசினால் அதில் ஒரு பெண் குரல் தமிழில் சொல்லும். ஆயர் சுற்றறிக்கை வாசிக்கிற தமிழ்.

"ஒரு பெண் பிரசவ வேதனையில் இருக்கும்போது வீட்டில் எதுவும் பூட்டியிருக்கக் கூடாது" என்றது போன். "அனைத்தும் திறந்திருக்க வேண்டும். அப்போது குழந்தைக்கும் வழி திறக்கும்."

செத்துப்போன சம்பந்தியும் பூட்டுக்காரர்தான். அவர் செய்த பூட்டுகள் ஹால் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன, நாற்பத்தொன்று. சாவிக்கொத்தைக் கொட்டி இரண்டு பேரும் திறக்க ஆரம்பித்தோம். கீழ் வரிசை நான், மேல் வரிசை அந்த அம்மா. தானியக் கிடங்குப் பூட்டு ஒன்றுக்குச் சாவி இல்லை. துருப்பிடித்துக் கிடந்தது. அவர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் எண்ணெய் விட்டு, கம்பியை விட்டு, பன்னிரண்டு நிமிஷத்தில் திறந்தேன்.

மணி இரண்டைத் தாண்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து சத்தமில்லை. திறந்து கிடக்கிற வீட்டுக்கு நடுவே சம்பந்தியம்மா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் ஒழுகியது. போனில் பேசினார்.

"இன்னும் ஒரு பூட்டு மீதமுள்ளது. பாலத்தில் உள்ள மீன். அதன் சாவி ஆற்றில் இருக்கிறது. பத்து நாட்களுக்கு முன் யாரோ அதைத் திருடிவிட்டார்கள். குழந்தைகளின் மனம் வருந்தும் என்று நான் கூறவில்லை. இப்போது அது எங்கே இருக்கிறது, பூட்டியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு பூட்டு பூட்டியிருக்கிறதே, ஈரா."

அது பூட்டித்தான் இருந்தது. என் கைப்பைக்குள். நான்தான் அமுக்கிப் பார்த்துப் பூட்டி வைத்திருந்தேன்.

எழுந்துபோய்ப் பையைக் கொண்டுவந்து மீனை மேசைமேல் வைத்தேன். அந்த அம்மா மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "நாந்தேன் எடுத்தேன் சம்பந்தியம்மா. லீவர் பாக்கத் தொறந்தேன்னு எனக்கு நானே பொய் சொல்லிக்கிட்டேன். இது தொறந்துட்டா எம்பிள்ள எங்கூட வந்துரும்னுதேன் தொறந்தேன்."

பாழாய்ப்போன போனுக்குத் திண்டுக்கல் தமிழ் ஏறவில்லை. "மறுபடியும் சொல்லவும்" என்றது. பாவசங்கீர்த்தனத்தில்கூடப் பாவத்தை ஒரு தடவைதான் சொல்வோம். நான் இரண்டாவது தடவை, பைபிள் வாசிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "அவர்கள் பிரிய வேண்டும் என்று நினைத்துத்தான் இதைத் திறந்தேன். என் தங்கையை நான் வீட்டுக்கு அழைத்துப் போக விரும்பினேன்."

போன் ரஷ்யனில் அதைச் சொல்லி முடித்தது. சம்பந்தியம்மா எழுந்து ஜன்னலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். திரும்பி வந்து மீனை என் முன்னால் தள்ளினார். "அத்கிரோய்" என்றார். போன் தேவைப்படவில்லை.

திறந்தேன். பாலத்தில் மரத்த விரலோடு ஒன்பது நிமிஷத்தில் திறந்தவள், வெதுவெதுப்பான வீட்டில் இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டேன். ஊசி இரண்டு தடவை கை நழுவியது. என் பின்னால் நின்று அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். வால் விட்டபோது மணி இரண்டு நாற்பது.

மூன்று மணிக்குப் போன் வந்தது. பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. தாய்க்குப் பிரஷர் இறங்குகிறது. இரண்டு பேரும் நல்லாயிருக்கிறார்கள். நானும் அந்த அம்மாவும் கட்டிப்பிடித்துக்கொண்டு, தலைவிரி கோலமாக, திறந்த அலமாரிகளுக்கு நடுவில் நின்று அழுதோம்.

குழந்தை பிறந்தது இரண்டு இருபத்தைந்துக்கு என்று பிறகு சொன்னார்கள். மீன் திறக்கப் பதினைந்து நிமிஷம் முன்னால். இதைச் சொன்னதற்கு, ஆஸ்பத்திரிக் கடிகாரம் எப்போதும் மெதுவாகத்தான் ஓடும் என்று சம்பந்தியம்மா அடித்துச் சொல்லிவிட்டார்.

தேநீர் குடிக்கும்போது அவர் போனில் ஒன்று கேட்டார்: "பாலத்தில் எத்தனை நிமிடங்கள்?"

ஒன்பது விரல் காட்டினேன். "ஹ்ம்" என்றார். கொஞ்சம் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன், சேவலைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

பிப்ரவரி 12, வியாழன்

ஜன்னலில் பெனி ஒரு துணிமூட்டையைத் தூக்கிக் காட்டினாள். மூன்று மாடி உயரத்தில் ஒரு மூக்கு தெரிந்தது. எங்கள் அம்மா மூக்கு.

பிப்ரவரி 17, செவ்வாய்

நேற்றுப் பெனியும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள், இன்று கிரீல் வந்துவிட்டான். இரண்டு நாள் பனிவண்டி, ரயில், பஸ். ஷூவைக் கழற்றாமல் நேரே தொட்டிலுக்குப் போய்விட்டான், அவன் அம்மா போட்ட சத்தத்தில் திரும்பி ஓடிவந்தான். பெனி அவனைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். எந்தப் பூட்டையும் திறந்து அதைப் பிரிக்க முடியாது. இது எனக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அலமாரி உச்சியிலிருந்து பெட்டி இறங்கியது. திண்டுக்கல் சட்டையில் பிள்ளை ராணி மாதிரி இருக்கிறாள். பெயர் இரீனா. வீட்டில் கூப்பிட, ஈரா. யார் வைத்த பெயர் என்று கேட்டேன். பெனி மாமியாரைக் காட்டினாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இங்கே நாளைக்குத் தவக்காலம் தொடங்குகிறது. ஒரு வாரமாக வீட்டுக்கு வீடு அப்பம் சுட்டுத் தள்ளுகிறார்கள். நம் தோசை மாதிரிதான், கொஞ்சம் சவசவ. இன்று அதற்குக் கடைசி நாள். இன்றைக்கு ஒருவரை ஒருவர் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். பெரியவர் சின்னவர் கிடையாது, எல்லாரும் எல்லாரிடமும். 

நானும் சம்பந்தியம்மாவும் மட்டும் பாலத்துக்குப் போனோம். பெனிக்கு எதுவும் தெரியாது. இந்த நோட்டைப் படித்தால் தெரியும், படிக்கட்டும். என் கைப்பையில் மீன், வாலைத் திறந்தபடி. வழியெல்லாம் நான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் பைபிள் தமிழில் தயார் செய்துகொண்டே போனேன்.

நான் வாய் திறக்குமுன் அந்த அம்மா பாலத்தின் நடுவில் நின்று எனக்குத் தலை குனிந்தார். போனை நீட்டினார்.

"என்னை மன்னித்துவிடு, ஈரா. என் மகனுக்காக உன் பிள்ளையை நான் எடுத்துக்கொண்டேன். ஒருமுறைகூட உன்னைக் கேட்கவில்லை."

தயார் செய்த தமிழெல்லாம் போய்விட்டது. "ஐயோ சம்பந்தியம்மா, நீங்க ஏன்... நானுல்ல கேக்கணும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். போன் "மறுபடியும் சொல்லவும்" என்றது. அதை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

மீனை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. என் கையைக் கம்பியின் பக்கம் தள்ளினார். நான்தான் பூட்ட வேண்டுமாம். பழைய இடத்திலேயே மாட்டினேன். வாலை வாய்க்குள் வைத்து, கட்டைவிரலால் அமுக்கினேன். நாலு லீவரும் ஒவ்வொன்றாக உட்கார்ந்த சத்தம் கேட்டது. நல்ல பூட்டுக்குத்தான் அந்தச் சத்தம் வரும். இனி அவள் இங்கேதான்.

மார்ச் ஒன்பதாம் தேதி எனக்கு டிக்கெட், ஒரே ஒரு டிக்கெட். வெள்ளையடித்த அறை இருக்கட்டும், லீவுக்கு வந்தால் மூன்று பேருக்கும் படுக்க இடம் வேண்டாமா.

கிளம்பலாம் என்று திரும்பினால், சம்பந்தியம்மா நகரவில்லை. தன் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி என்னிடம் நீட்டிக்கொண்டு நின்றார். செய்து முடித்த பூட்டை நான் சோதித்துப் பார்க்க வேண்டும், அதுதானே என் வேலை. முகத்தில் சிரிப்பில்லை. உண்மையாகத்தான் நீட்டினார்.

ஊசியை வாங்கினேன். என் கொண்டையில் செருகிக்கொண்டு, அவர் கையைப் பிடித்தேன். பாலம் வழுக்குகிறது, இரண்டு பேரும் மெதுவாக நடந்து வீட்டுக்கு வந்தோம்.